தோல் பொருட்களின் ஓரச் சாயம் உரியாமல் நிலைக்க: ஒரு வழிகாட்டி

பெருநாளுக்கு வாங்கிய தோல் செருப்பு ஆறே மாதத்தில் பழையதாகத் தெரிகிறது. எடுத்துப் பார்த்தால் மேல்தோல் நன்றாகவே இருக்கும். தையலும் விட்டிருக்காது. ஓரத்தில் பூசிய கறுப்புச் சாயம் மட்டும் செதில் செதிலாக உரிந்து, உள்ளே இருக்கும் வெளிறிய நார் வெளியே தெரியும். பெல்ட், மணிபர்ஸ், பெண்களின் கைப்பை என்று எல்லாவற்றிலும் இதே கதைதான். தோல் பொருள் பெரும்பாலும் ஓரத்தில்தான் முதலில் கெடத் தொடங்குகிறது.

ஓரத்தைச் சீராக்கிச் சாயம் பூசும் இந்த வேலையைத் தொழிலில் 'எட்ஜ் கலர்' என்றும் 'எட்ஜ் பெயிண்ட்' என்றும் சொல்கிறார்கள். வெளியே பார்க்கச் சின்ன வேலை. ஆனால் முடிந்து பேக்கிங்குக்குப் போக வேண்டிய பொருளைத் திருப்பி அனுப்ப வைப்பதும் இந்த வேலைதான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ மேல்பாகத் தையலை வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்குச் செய்யும் பெண்கள் ஏராளம். பை, பெல்ட், பர்ஸ் என்று சிறிய அளவில் தொழில் தொடங்க நினைக்கும் நம் இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கும், வாங்கிய பொருளை நீண்ட நாள் வைத்திருக்க விரும்பும் குடும்பங்களுக்கும் உதவும் வகையில் இந்த வேலையின் நுணுக்கங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

குரோம்பேட்டை சொல்லும் செய்தி

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் தோலுக்கும் உள்ள உறவு ஓர் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைச் செய்தார். அதைத் தொடர்ந்து 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்து குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அந்தத் தொழிற்சாலையால்தான் அந்த இடம் குரோம்பேட்டை ஆனது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பல்லாவரம் வட்டமும் அதனுடன் வந்தது.

அதற்கு முன்பு தமிழகத்தில் தோல் என்றால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்தான். 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போன அந்தச் சரக்கு இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், திண்டுக்கல், திருச்சி ஊர்களிலும் சென்னை பெரியமேட்டிலும் இந்த வணிகத்தில் நம் சமுதாயத்தவர் தலைமுறைகளாக இருந்து வருகிறார்கள். தோல் வணிகர் மேல்விஷாரம் சி.அப்துல் ஹக்கீம் சாகிப் போன்றவர்கள் அந்த வருமானத்தைக் கல்விக்கும் அறப்பணிக்கும் செலவிட்டதை நாம் அறிவோம்.

1970களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. அதன்பிறகு லாபம் தோலை விட்டு, தோலில் செய்த பொருளுக்கு நகர்ந்தது. பொருளின் மதிப்பு முடிப்பு வேலையில் இருக்கிறது. ஓர வேலை அந்த முடிப்பு வேலையின் முக்கியமான பகுதி. தோலை விற்றே பழகிய நாம் இந்தக் கைத்திறனையும் கற்றுக்கொண்டால்தான் தொழிலில் நமக்குரிய பங்கு கிடைக்கும்.

ஓரம் ஏன் முதலில் கெடுகிறது?

தோலின் மேற்பரப்பு இறுக்கமானது. பதனிடும் இடத்திலேயே அதன்மேல் பாதுகாப்புப் பூச்சும் ஏறிவிடுகிறது. ஆனால் கத்தி வைத்து வெட்டியதும் உள்ளே பின்னிக் கிடக்கும் நார்களின் முனைகள் ஆயிரக்கணக்கில் திறந்துகொள்கின்றன. அந்த முனைகள் திரியைப் போலத் தண்ணீரை இழுக்கும். நனைந்த நார் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்புவதும் சுருங்குவதும் தொடர்ந்தால் மேலே இருக்கும் சாயப் படலம் பிடி விடுகிறது.

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் கடற்கரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடல் காற்றில் வரும் உப்பு ஓரத்தில் படிகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் ஓரம் முழுமையாகக் காயாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒளூ செய்த ஈரக் காலோடு தோல் செருப்பை மாட்டிக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. செருப்பின் மேல்தோலில் விழும் தண்ணீர் வழிந்து போய்விடும். அடித்தோலும் மேல்தோலும் சேரும் ஓரத்தில் தங்கும் தண்ணீர்தான் உள்ளே போகிறது.

முதலில் தோலைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தச் சாயம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், கையில் இருப்பது எந்தத் தோல் என்று கேட்க வேண்டும்.

பட்டைத் தோல், அதாவது மரப்பட்டைச் சாறில் பதனிட்டது, கெட்டியாக இருக்கும். வெட்டிய ஓரம் பழுப்பு நிறமாகத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே குடித்துக் கருக்கும். தேய்த்தால் நார்கள் ஒன்றோடொன்று படிந்து பளபளப்பாகும்.

குரோம் தோல் மென்மையானது. மடித்தால் திரும்ப எழும். வெட்டிய ஓரத்தின் நடுவில் பல நேரம் நீலமோ சாம்பலோ கலந்த நிறம் தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் நார் படியாது.

சந்தேகம் இருந்தால் விரல் நகம் அளவு துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருங்கி விறைத்துவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் பெரிதாக மாறாது. தோல் கூடங்களில் காலங்காலமாகச் செய்யும் சோதனை இது.

மூன்றாவது வகை ரெக்சினும் பி.யு. எனப்படும் செயற்கைத் தோலும். இவற்றின் மேல்படலமே ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரத் தொடங்கும். அப்போது ஓரச் சாயம் எவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தாலும் பயனில்லை.

பட்டைத் தோலுக்கு: தேய்த்து மெருகேற்றுதல்

இந்தத் தோலுக்குக் கனமான சாயப் படலம் தேவையில்லை. நாரையே படிய வைத்து மூடிவிடலாம்.

1. ஓரத்தை ஒரே வெட்டாக, கூரான கத்தியால் நேராக்குங்கள். மழுங்கிய கத்தி நாரைப் பிய்க்கும்.

2. மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் லேசாகச் சீவி உருண்டையாக்குங்கள். கூர்மையான விளிம்புதான் முதலில் தேயும்.

3. உப்புத்தாளில் 240 எண்ணில் தொடங்கி 400, 600 என்று போங்கள்.

4. நிறம் வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில் ஊறும் சாயத்தைத் தடவிக் காயவிடுங்கள்.

5. தண்ணீரோ, சி.எம்.சி. பொடி கரைத்த கூழோ மெல்லியதாகத் தடவி, பள்ளம் வெட்டிய மரக் கட்டையால் அல்லது கித்தான் துணியால் வேகமாகத் தேயுங்கள். உராய்வின் சூட்டில் நார் படிந்து கண்ணாடி போல ஆகும். கூழ் மேல்தோலில் பட்டால் கறை விழும். உடனே துடைத்துவிடுங்கள்.

6. கடைசியாகத் தேன்மெழுகைத் தேய்த்து, துணியால் சூடேறும் வரை துடையுங்கள்.

இப்படிச் செய்த ஓரத்தில் உரிவதற்குப் படலமே இல்லை. தேய்ந்தாலும் மறுபடி கூழும் மெழுகும் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். செருப்பு, பெல்ட் போன்ற கடும் புழக்கப் பொருளுக்கு இதுவே சிறந்தது.

குரோம் தோலுக்கு: சாயம் பூசுதல்

கைப்பை, மணிபர்ஸ் எல்லாம் பெரும்பாலும் இந்தத் தோலில்தான் வருகின்றன. இதற்கு ஓரச் சாயம் வேண்டும். இன்று பெரும்பாலும் கிடைப்பது தண்ணீர் கலந்த அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் சாயம். சாதாரண இனாமல் பெயிண்ட்டைப் பூசினால் காய்ந்ததும் விறைத்து, மடியும் இடத்தில் வெடித்துவிடும். ஷூ பாலிஷ் சாயமும் அல்ல. கைக்கும் துணிக்கும் ஒட்டும்.

முதல் படி, ஒட்டு. மேல்தோல், நடு அட்டை, உள்தோல் என மூன்று அடுக்கும் ஓரம் வரை முழுமையாக ஒட்டியிருக்க வேண்டும். நகத்தை வைத்து நெம்பிப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் முதலில் மறுபடி ஒட்டுங்கள். பிரிந்த அடுக்கைச் சாயம் பிடித்து நிறுத்தாது.

இரண்டாவது, வெட்டும் உப்புத்தாளும். ஒட்டித் தைத்த பிறகு ஓரத்தை ஒரு முறை நேராக வெட்டி, 240 எண் தாளால் தேய்த்து, மூன்று அடுக்கும் ஒரே பலகை போல ஆகும்வரை சமப்படுத்துங்கள். பிதுங்கிய சொல்யூஷன் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. அந்தப் புள்ளியிலிருந்துதான் உரியத் தொடங்கும்.

மூன்றாவது, தூசு துடைத்தல். லேசாக ஈரமான துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். கடலோர ஊர்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. படிந்த உப்பு சாயத்துக்கும் தோலுக்கும் நடுவே தங்கினால் பிடிமானம் போய்விடும்.

நான்காவது, அடிப்பூச்சு. பிரைமர் என்று விற்பதை மெல்லியதாகப் பூசுங்கள். நாரின் இடைவெளியை அடைப்பதுதான் இதன் வேலை. அடைபடாத துளையிலிருந்து காற்று மேலே வந்தால் சாயத்தில் குமிழ் எழும். காய்ந்ததும் கையால் தடவினால் முடி முடியாகக் குத்தும். 400 எண் தாளால் தேய்த்து எடுங்கள். இன்னும் குத்தினால் இரண்டாவது அடிப்பூச்சு வேண்டும்.

ஐந்தாவது, நிறப் பூச்சு. குத்தூசி போன்ற உருண்டைக் கம்பியில் ஒரு சொட்டு எடுத்து, ஓரத்தின் நடுவில் வைத்து நகர்த்துங்கள். சாயம் தானே இரு பக்க விளிம்பு வரை பரவி நிற்கும். விளிம்பைத் தாண்டி வழிந்தால் எடுத்த சாயம் அதிகம். காய்ந்ததும் 600 எண் தாளால் மிக லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டாவது பூச்சு. தேவையானால் மூன்றாவது. ஒரு கனமான பூச்சை விட மூன்று மெல்லிய பூச்சுகள் பல மடங்கு தாங்கும்.

ஆறாவது, சூடு. ஓர அயர்ன் இருந்தால், பூச்சு முழுமையாகக் காய்ந்த பிறகு மிதமான சூட்டில் ஒரே ஓட்டமாக ஓட்டலாம். மேடு பள்ளம் அடங்கிப் படலம் இறுகும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சாயம் உருகி ஒட்டிக்கொள்ளும். முதலில் கழிவுத் துண்டில் ஓட்டிப் பாருங்கள்.

கடலோரக் காற்றில் காயவைப்பது

தண்ணீர் கலந்த சாயம் காய வேண்டுமென்றால் அதிலுள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அது மெதுவாகத்தான் நடக்கும். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். அதன்மேல் அடுத்த பூச்சைப் போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி, சில வாரங்களில் சுருக்கமாகவோ வெடிப்பாகவோ வெளிப்படும்.

கோடையில் அரை மணி நேரம் விட்டால் போதும் என்ற பூச்சுக்கு மழைக்காலத்தில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். மின்விசிறிக் காற்று நல்லது. உச்சி வெயிலும், நெருக்கிப் பிடிக்கும் ஹேர் டிரையரும் கூடாது. மேற்பரப்பு மட்டும் மூடிக்கொண்டு குமிழ் வரும். பூசிய பொருட்களை ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது ஒரு முழு நாள் கழித்தே பையில் போட வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் விடுவது பாதுகாப்பு. கடல் பக்கத்து ஜன்னலை அடைத்து, மறுபக்க ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தால் உப்புக் காற்றும் குறையும், காற்றோட்டமும் இருக்கும்.

குறையும் காரணமும்

- நாடா போல முழுதாக உரிகிறது: ஓரத்தில் எண்ணெய், மெழுகு அல்லது சொல்யூஷன் இருந்திருக்கிறது. அல்லது உப்புத்தாள் போடவில்லை.
- மடியும் இடத்தில் வெடிக்கிறது: பூச்சு கனம், அல்லது வளையாத வகைச் சாயம்.
- குமிழும் ஊசித் துளையும்: அடிப்பூச்சு போதவில்லை, அல்லது சூட்டில் அவசரமாகக் காயவைத்தது.
- ஒன்றோடொன்று ஒட்டுகிறது: காயும் முன்பே அடுக்கியது.
- நீளவாக்கில் நடுவில் பிளக்கிறது: ஒட்டு விட்டது. சாயத்தின் மேல் குறை சொல்லிப் பயனில்லை.

கொடுப்பதற்கு முன் நான்கு சோதனைகள்

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டையாவது சோதியுங்கள். மடியும் இடத்தை இருபது முறை மடித்து விரியுங்கள். வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் இருபது முறை தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா பாருங்கள். செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். இரண்டு ஓரங்களைச் சேர்த்து வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஒரு இரவு வையுங்கள். நான்கிலும் தேறினால் தைரியமாக அனுப்பலாம். ஒரு துண்டில் தெரியும் குறை, நூறு பொருள் திரும்பி வருவதைத் தடுக்கும்.

கூலி பேசும்போது

ஒரு பெல்ட்டின் நீளம் சுமார் 110 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரு ஓரமும் சேர்த்து 2.2 மீட்டர். ஓர் அடிப்பூச்சு, இரண்டு நிறப் பூச்சு, இடையில் இரண்டு முறை உப்புத்தாள் என்றால் கை ஐந்து முறை ஓட வேண்டும். ஒரு பெல்ட்டுக்கு 11 மீட்டர் வேலை. 'சும்மா ஓரத்தில் கறுப்பு அடித்துக் கொடுங்கள்' என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பேசலாம். எத்தனை பூச்சு, காய எத்தனை நாள், சாயம் யார் செலவு, குறை வந்தால் யார் பொறுப்பு என்ற நான்கையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூச்சுக்குக் கூலி கொடுத்துவிட்டு மூன்று பூச்சின் உழைப்பை எதிர்பார்ப்பது நியாயமல்ல. மூன்று பூச்சுக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஒன்றைப் பூசுவதும் அப்படித்தான்.

வீட்டில் செய்பவர்கள் உடல்நலத்தையும் பார்க்க வேண்டும். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அணியுங்கள். தூசு சமையலறைக்குப் போகக் கூடாது. சொல்யூஷன், தின்னர் ஆவி மூடிய அறையில் தலைசுற்றலைக் கொண்டுவரும், தீயும் பிடிக்கும். அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் தூரமாக வையுங்கள். குரோம் தோல் கழிவை ஒருபோதும் எரிக்காதீர்கள். எரிக்கும்போது அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும்.

சாயம் பூசும் தூரிகைகளில் சில பன்றி முடியால் ஆனவை. நைலான் தூரிகையோ பஞ்சு உருளையோ கேட்டு வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

வாங்குபவர்கள் கவனத்துக்கு

மாமல்லபுரத்துச் சுற்றுலாக் கடையாக இருந்தாலும் நகரத்து ஷோரூமாக இருந்தாலும், தோல் பொருளை வாங்கும்போது ஓரத்தை முதலில் பாருங்கள். விரலால் தடவினால் வழவழவென்று ஒரே சீராக இருக்க வேண்டும். லேசாக மடித்துப் பாருங்கள். வெடிப்புக் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். கனமான ஓரச் சாயம் உள்ளே இருக்கும் அட்டையையும், தோல் தூளை ஒட்டிச் செய்த பலகையையும் மறைத்துவிடும். உள்பக்கம் சாயம் படாத இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே நார் தெரிந்தால் தோல். காகிதம் போல அடுக்கோ, துணி இழையோ தெரிந்தால் அது வேறு. ஷூவின் உள்தோலில் மும்மூன்றாகச் சேர்ந்த துளைகள் தெரிந்தால் அது பன்றித் தோலாக இருக்கலாம். விசாரித்து வாங்குங்கள்.

விற்பவர்களும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே காய்ந்த தானியத்தை வைத்து நனைந்ததை உள்ளே மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. அட்டையை மறைக்கும் சாயமும் அதே வகைதான். அட்டை வைத்திருந்தால் அட்டை என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கலாம்.

வீட்டில் பராமரிப்பு

ஒளூ செய்தபின் காலைத் துடைத்துவிட்டுச் செருப்பை மாட்டும் பழக்கம் ஒன்றே செருப்பின் ஆயுளைக் கூட்டும். பள்ளிவாசலுக்கு ரப்பர் செருப்பும், வெளியே போகத் தோல் செருப்பும் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட வையுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் ஈரத் துணியால் ஓரத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். பட்டைத் தோல் ஓரத்துக்கு மாதம் ஒரு முறை தேன்மெழுகு போதும். பீரோவில் பூட்டிய பையை மழைக்காலத்தில் அவ்வப்போது வெளியே எடுத்து வையுங்கள், பூஞ்சணம் பிடிக்காது.

சாயம் உரிந்த பழைய பொருளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உரிந்த சாயத்தின் மேல் புதுச் சாயத்தைப் பூசாமல், ஆடும் படலம் முழுவதையும் உப்புத்தாளால் எடுத்துவிட்டு, துடைத்து, அடிப்பூச்சிலிருந்து தொடங்குங்கள். அரை நாள் வேலைதான். சாயமும் தோல் துண்டும் பெரியமேடு கடைகளில் கிடைக்கும். முறையாகப் பயில விரும்பும் பிள்ளைகளுக்கு அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், கிண்டியிலுள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனமும் சென்னையிலேயே இருக்கின்றன. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அங்குள்ள பயிற்சி விவரங்களை விசாரித்துப் பாருங்கள். தோலோடு பழகிய நம் குடும்பங்களுக்கு, இன்ஷா அல்லாஹ், இந்தக் கைத்திறன் நல்ல பிழைப்பைத் தரும்.